அடிமை வணிகம் வீழ்ந்த வரலாறு

மனிதனை மனிதன் விலைப்படுத்தும் கொடுமை வெறும் சட்டமொன்றினால் மறைந்துவிடுவதில்லை. அவ்வணிகத்தைப் பேரளவில் நடத்திப் பின்னர் அதனை ஒழிக்கவும் முற்பட்ட பிரித்தானியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லிவர்ப்பூல், பிரிஸ்ரல் முதலிய துறைமுகங்களிலிருந்து துணியும் துப்பாக்கியும் ஏற்றிய கப்பல்கள் ஆபிரிக்கக் கரையை அடைந்தன. அங்கு அவற்றுக்கு மாற்றாகப் பெற்ற மக்களை மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுச் சீனியுடன் மீண்டன. இவ்வணிகத்தை ஒழிக்கும் நோக்குடன் 1787 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் நாள் இலண்டனிற் பன்னிருவர் கூடி ஒரு குழுவை அமைத்தனர்.

அவருள் ஒருவரான தோமஸ் கிளாக்சன் துறைமுகந்தோறுஞ் சென்று உண்மைகளைத் திரட்டினார். கைவிலங்குகளையும் விரல் நசுக்கும் கருவிகளையும் லிவர்ப்பூற் கடையொன்றில் விலைக்கு வாங்கிச் சான்றாகக் காட்டினார். கப்பற் பதிவேடுகளை ஆராய்ந்து, மாலுமிகளும் பெருந்தொகையாய் மடிவதை எடுத்துரைத்தார். 'புறூக்ஸ்' என்னும் கப்பலில் மக்கள் நெருக்கி அடுக்கப்பட்ட முறையைக் காட்டும் படம் நாடெங்கும் பரவியது.

எனினும் 1791 இல் வில்லியம் வில்பர்போஸ் கொணர்ந்த பிரேரணை 88க்கு எதிராக 163 வாக்குகளால் தோற்றது. அப்பொழுது பல்லாயிரம் இல்லங்களில், அடிமைகள் விளைவித்த சீனி விலக்கப்பட்டது. வாங்குவோனுக்கும் பழியில் பங்குண்டு என்பதை மக்கள் உணர்ந்தனர்.

1807 இல் 16க்கு எதிராக 283 வாக்குகளால் அடிமை வணிகம் பொதுமக்கள் சபையில் தடைசெய்யப்பட்டது. அடிமை ஒருவருக்கு நூறு பவுண் வீதம் தண்டமும் விதிக்கப்பட்டது. ஆயின் இலாபம் தண்டத்தினும் மிகுந்தமையால் களவு வணிகம் தொடர்ந்தது. எனவே 1811 இல் ஹென்றி புரூம் என்பார் கொணர்ந்த சட்டம், அதனைப் பதினான்கு ஆண்டு நாடுகடத்தலுக்குரிய பெருங்குற்றமாக்கியது.

இவ்வரலாற்றிற் பெருங்குறையொன்றும் உண்டு. 1833 இல் அடிமைமுறையே ஒழிக்கப்பட்டபோது, உடையவர்களுக்கு இரண்டு கோடி பவுண் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. விடுதலை பெற்றோருக்கு ஒரு காசும் இல்லை. அச்சட்டம் இலங்கைக்கும் பொருந்தவில்லை. இங்கு அடிமைமுறை 1844 இலேயே முற்றாக ஒழிந்தது.

2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற ஆட்கடத்தல் தடுப்பு உடன்படிக்கை, தடுத்தலுடனும் தண்டித்தலுடனும் பாதிக்கப்பட்டோரைப் பாதுகாத்தலையும் இணைத்தது. 2006 இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் ஆட்கடத்தலைத் தனிக் குற்றமாக வகுத்தது.

இற்றை நாளில் ஆட்கடத்துவோன் விலங்குடன் வருவதில்லை. வெளிநாட்டு வேலையும் நல்ல சம்பளமும் கிடைக்குமென்று கூறிக் கொண்டே வருகின்றான். ஆதலின், உண்மையைத் தேடித் திரட்டுதல், இலாபத்தை அறுத்தல், மீண்டோரை வாழவைத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ வேண்டும். முதலிரண்டையும் பிரித்தானியாவின் வெற்றி கற்பிக்கின்றது. மூன்றாவதை அதன் தவறு கற்பிக்கின்றது.