மத்திய உளவுத்துறை

ஐ.பி. என்று சுருக்கமாக வழங்கும் மத்திய உளவுத்துறை, இந்தியாவின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கான உளவு அமைப்பு. உள்துறை அமைச்சகத்தின் கீழ் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

தக்கர்கள் எனப்பட்ட வழிப்பறிக் கொலையாளிகளையும் கொள்ளைக் கூட்டங்களையும் ஒடுக்க ஆங்கிலேய அரசு வைத்திருந்த துறைக்குள், லண்டனிலிருந்து வந்த உத்தரவின்பேரில் 1887 டிசம்பர் 23 அன்று ஒரு தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட வேலை கள்வர்களைப் பிடிப்பதல்ல. அரசியல், சமய இயக்கங்களைக் கண்காணிப்பது. காங்கிரஸ் தோன்றி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1904இல், வைஸ்ராய் கர்சன் காலத்தில், அது குற்ற உளவுத் துறையாக மாற்றியமைக்கப்பட்டது. இன்றைய பெயர் 1920இல் வந்தது.

1947இல் சென்னை மாகாணக் காவல் அதிகாரியான டி.ஜி. சஞ்சீவி பிள்ளை முதல் இந்திய இயக்குநரானார். அவருக்குப் பின் 1950இல் வந்த பி.என். முல்லிக் 14 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். ஆட்சி கைமாறியபோதும் பழைய வழக்கங்கள் விடவில்லை. சுபாஷ் சந்திர போஸின் உறவினர்கள் 1948 முதல் 1968 வரை கண்காணிக்கப்பட்டதை 2015இல் வெளிச்சத்துக்கு வந்த கோப்புகள் காட்டின. கல்கத்தாவில் உட்பர்ன் பார்க், எல்ஜின் சாலை வீடுகளின் கடிதங்கள் வழியிலேயே பிரிக்கப்பட்டு நகலெடுக்கப்பட்டன. குடும்பத்தார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதும் பதிவானது. விடுதலைக்குப் பாடுபட்ட ஒரு குடும்பத்தைச் சுதந்திர நாட்டின் அரசே வேவு பார்த்தது பெரும் அநீதி.

1962 சீனப் போருக்கும் 1965 பாகிஸ்தான் போருக்கும் பிறகு வெளிநாட்டு உளவு தனியாகப் பிரிக்கப்பட்டு, 1968 செப்டம்பரில் ஆர்.என். காவ் தலைமையில் ‘ரா’ உருவானது. எதிரி நாட்டு உளவாளிகளைக் கண்டறிதல், பயங்கரவாதத் தடுப்பு, தலைவர்களுக்குள்ள ஆபத்தை மதிப்பிடுதல் ஆகியவை ஐ.பி.யிடம் தங்கின. உயர் பொறுப்புகளில் பெரும்பாலும் மாநிலங்களிலிருந்து அயற்பணியில் வரும் ஐ.பி.எஸ். அதிகாரிகள், கீழே, துறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உளவு அதிகாரிகள். மாநிலங்களில் கிளை அலுவலகங்கள் உண்டு. வழக்குப் பதியவோ கைது செய்யவோ இவர்களுக்கு அதிகாரமில்லை என்பதால், கிடைத்த துப்பை மாநிலக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அது உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்வதில்தான் பல உயிர்கள் அடங்கியிருக்கின்றன. கார்கில் போருக்குப் பின் 2001இல் தொடங்கி, 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் வலுப்படுத்தப்பட்ட பல்துறை மையம் இதற்காகவே ஐ.பி.க்குள் செயல்படுகிறது.

இத்தனை பெரிய அமைப்புக்கு நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 8ஆம் பதிவு மத்திய உளவு, புலனாய்வு அமைப்பைக் குறிப்பிடுவதோடு சரி. ஊழியர்கள் சங்கம் வைப்பதைத் தடுக்க 1985இல் சட்டம் வந்தது; துறையின் அதிகார எல்லையை வகுக்க ஒன்று வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்றவற்றில், இதற்கு விலக்கு அளிக்கிறது. 2018 டிசம்பரில் கணினித் தகவல்களை இடைமறிக்க அனுமதி பெற்ற பத்து அமைப்புகளில் ஐ.பி.யும் இடம்பெற்றது. உளவு அமைப்புகளை நாடாளுமன்றக் கண்காணிப்பின்கீழ் கொண்டுவர காங்கிரஸ் உறுப்பினர் மனீஷ் திவாரி 2011இல் மக்களவையில் தாக்கல் செய்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.