தோலின் விலையும் ரவையின் வடிவும்

ஆயுதங்களின் வரலாற்றைப் பயிலும் மாணவர் பெரும்பாலும் போர்க்களங்களையே நினைக்கின்றனர். 1526 இல் பானிப்பட்டில் முழங்கிய பாபரின் பீரங்கிகளும், 1815 இல் வாட்டர்லூவில் அணிவகுத்த துவக்குகளும் அவர்தம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், ஆயுதங்களுக்கு வடிவு கொடுத்ததில் போருக்கு அடுத்தபடியாகச் சந்தைக்கும் பெரும் பங்குண்டு. வட அமெரிக்கச் சமவெளிகளில் வாழும் கயோட்டி என்னும் விலங்கையும், அதன் தோல் கெடாதவாறு அதனை வீழ்த்துதற்கு வேடர் தேர்ந்தெடுத்த ரவைகளையும் பற்றிய வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். பொருள் சிறிதெனினும் அது எழுப்பும் வினா சிறிதன்று. ஓருயிரைக் கொல்லும் முறையை நிருணயித்தது கொல்வோனின் இரக்கமா, அன்றிக் கொல்லப்பட்டதன் விலையா என்பதே அவ்வினா.

கயோட்டி ஓநாயினும் சிறியது. நம் நாட்டு நரியினும் பெரும்பாலும் பருத்தது. அதன் நிறை ஏறத்தாழ 20 முதல் 45 இறாத்தல் வரையாகும். அதன் பெயர் மெக்சிக்கோவின் பழங்குடியினர் பேசிய நாவட்டில் மொழியிலிருந்து வந்தது. தோமஸ் சே என்னும் அமெரிக்க இயற்கை நூலறிஞர் 1823 இல் அதற்குக் ‘கானிஸ் லற்றான்ஸ்’, அதாவது ‘குரைக்கும் நாய்’, என இலத்தீன் பெயர் சூட்டினார். வெப்ப நாட்டில் வாழும் நம் நரியின் மயிர் குறுகியது. அதனால் அதன் தோலை எவரும் விலைகொடுத்து வாங்கி அணிவதில்லை. கயோட்டிக்கோ கடுங்குளிரைத் தாங்கும்பொருட்டு மாரிக்காலத்தில் நீண்ட வெளிமயிரும் அதன்கீழ் அடர்ந்த மென்மயிரும் வளர்கின்றன. மாரியின் நடுவிலே இத்தோல் முழுச்சிறப்பெய்தும். இளவேனில் அணுகவே மயிர் தேய்ந்து உதிரத் தொடங்கும். மேலங்கியின் கழுத்துப்பட்டைக்கும் தலைமூடியின் விளிம்புக்கும் இத்தோல் விரும்பப்பட்டது. துளையும் கிழிசலும் உள்ள தோலுக்கு விலை குறையும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மென்மயிர் வாணிகத்தின் தொடக்கத்திலே துவக்குக்கு இருந்த இடம் சிறிதே. 1670 இல் இரண்டாம் சாள்ஸ் மன்னனிடம் பட்டயம் பெற்ற அட்சன் குடாக் கம்பனி பெரிதும் நாடியது பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலையே. அது பொறிவைத்துப் பிடிக்கப்பட்டமையால் தோலில் துளை விழவில்லை. துவக்கால் சிற்றுயிர்களை வேட்டையாடியோரும் இச்சிக்கலை உணர்ந்திருந்தனர். மரக்கிளையிலிருக்கும் அணிலை நேரே சுடாது, அதன் அடியிலுள்ள மரப்பட்டையைச் சுட்டு, அவ்வதிர்ச்சியாலேயே அணிலை ஊறின்றி வீழ்த்தும் முறையொன்றைப் பறவையோவியரான ஓடுபன் தம் நூலில் விவரித்துள்ளார். இதற்கு நேர்மாறானது காட்டெருமை வேட்டை. 1870களில் அதன் தோல் பதனிடப்பட்டு ஆலைகளில் இயந்திரங்களை இயக்கும் வார்ப்பட்டைகளாயிற்று. தடித்த அத்தோலில் ஒரு துளை பொருட்டன்று. ஆகவே, வேடர் 400 கிறெயினுக்கு மேற்பட்ட பெரும் ஈயரவைகளைத் தயங்காது பயன்படுத்தினர். கோடிக்கணக்கில் வாழ்ந்த அவ்வினம் 1889 இல் ஏறத்தாழ ஆயிரமாகச் சுருங்கியது.

அக்காட்டெருமைகளின் பிணங்களே மற்றொரு தொழிலுக்கும் இடமளித்தன. 1860களிலும் 1870களிலும் ஓநாய்த்தோல் வேடர், வீழ்ந்த எருமையின் ஊனில் ‘ஸ்றிக்னின்’ என்னும் நஞ்சைக் கலந்து இரவில் விட்டுச்செல்வர். மறுநாள் காலையில் அதைத் தின்று மாண்ட ஓநாய்களையும் கயோட்டிகளையும் உரித்தெடுப்பர். இந்நஞ்சு நமக்கு அந்நியமானதன்று. 1818 இல் பிரெஞ்சு இரசாயனிகளான பெலற்றியே, கவந்து என்னும் இருவர் பிரித்தெடுத்த இப்பொருளுக்கு, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் எட்டி மரத்தின் விதையே முக்கிய மூலமாயிற்று. நஞ்சால் இறந்த விலங்கின் தோலில் ஒரு துளையேனும் இல்லை, வணிகன் மகிழ்ந்தான். ஆனால், அவ்விலங்கு தசைகள் முறுக்குண்டு, வலிப்பால் துடித்து, மூச்சடைத்து மாண்டது. தோலைக் காப்பதும் உயிருக்கு இரங்குவதும் ஒன்றல்ல என்பதை இம்முதற்கட்டமே நமக்குக் காட்டிவிடுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துவக்கின் இயல்பே மாறியது. 1880களில் போல் வியேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் புகையில்லா வெடிமருந்தை ஆக்கினார். சுவிற்சலாந்தின் எடுவாட் றூபின் ஈயரவைக்குச் செப்புறை இடும் முறையை வகுத்தார். மிகு வேகத்திற் செல்லும் வெற்று ஈயம் துவக்குக் குழாயின் வரிகளில் உரிந்து ஒட்டிக்கொள்ளும். செப்புறை அதைத் தடுத்தது. ஆயின் முழுதும் உறையிட்ட ரவை உடலில் விரியாது ஊடுருவிச் செல்வதைக் கண்ட பிரித்தானியப் படையினர், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் நுனியில் ஈயம் வெளித்தோன்றும் ரவைகளைச் செய்வித்தனர். அவை உடலிற் புகுந்ததும் விரிந்து கொடும்புண் உண்டாக்கின. 1899 இல் ஹேக் நகரிற் கூடிய மாநாடு அத்தகைய ரவைகளைப் போரில் விலக்கியது. பிரித்தானியா 1907 இலேயே அதற்கு இணங்கியது. ஈண்டு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. போரில் விரியும் ரவை கொடுமையெனப்பட்டது. வேட்டையிலோ விரியாத ரவையே கொடுமையெனப்படுகின்றது. காயமுற்ற போர்வீரனை மருத்துவர் காப்பாற்றக்கூடும். காயமுற்ற விலங்கு புதரிற் பதுங்கி நெடுநேரம் வருந்தியே மாளும். இது கருதியே அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்கு முழுவுறை ரவைகள் தடைசெய்யப்பட்டுள்ளன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கயோட்டி தோலுக்காக மட்டுமன்றி, ஆட்டுமந்தையின் பகையென்றும் கொல்லப்பட்டது. 1915 இல் அமெரிக்கக் காங்கிரசு இத்தகைய விலங்குகளை ஒழிக்கப் பணம் ஒதுக்கியது; 1931 இன் சட்டம் அப்பணியை விரிவாக்கியது. அரசாங்க ஊழியர் பொறியையும் நஞ்சையும் பரப்பினர். அழிப்பதே நோக்கமானபோது தோலைப் பற்றிய கவலை பின்தள்ளப்பட்டது. அக்காலத்திற் பிறந்த தோட்டாக்களும் இம்மனப்பான்மைக்கு இயைந்தவையே. 1930 இல் 22 ஹோர்னற் விற்பனைக்கு வந்தது. 1935 இல் வின்செஸ்ரர் கம்பனி வெளியிட்ட 220 சுவிப்ற் செக்கனுக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தை எட்டியது. 1950 இல் 222 றெமிங்டன் தோன்றியது. சிறுவிலங்குகளுக்கென ஆக்கப்பட்ட இத்தோட்டாவின் வழியிலேயே பின்னர் 223 றெமிங்டனும் அதன் இராணுவ வடிவமும் உருவாகி, வியற்நாம் போரில் மனிதர்மீது ஏவப்பட்டன என்பது வரலாற்றின் கசப்பான திருப்பங்களுள் ஒன்று.

இரவை விலங்கின் உடலில் என்ன செய்கின்றது என்பதை மாணவர் பௌதிகத்தின் துணைகொண்டு உணரலாம். ரவையின் நிறை இருமடங்காயின் அதன் சக்தி இருமடங்காகும். வேகம் இருமடங்காயின் சக்தி நான்மடங்காகும். கயோட்டியின் மார்போ ஒடுங்கியது. 55 கிறெயின் நிறையுள்ள ரவை மிகு வேகத்தோடு அண்மையிலிருந்து தாக்கின், அது அம்மார்பினுள்ளே தன் சக்தி முழுவதையும் செலவிட இடம்பெறாது மறுபுறம் வெளியேறுகின்றது. புகுந்த துளை சிறிது. வெளியேறிய துளை கையளவு. முழுவுறை ரவையைத் தேர்ந்தால் இருபுறமும் சிறு துளைகளே விழும். ஆனால் விலங்கு ஓடிவிடும். மூன்றாம் வழியொன்றுண்டு. மெல்லிய உறையும் நுனியிற் குழியும் உடைய இலேசான ரவை, சிறு துளையாகப் புகுந்து, உள்ளேயே பொடியாகி, வெளியேறாது நின்றுவிடும். அப்போது தோலில் ஒரே துளை. விலங்கும் நின்ற இடத்திலே வீழ்கின்றது. தோலின் உட்புறத்திலிருந்து அத்துளையைத் தைத்துவிட்டால் மயிர் அதை மறைத்துவிடும்.

இம்மூன்றாம் வழி செல்வாக்குப் பெற்றதற்குக் காரணம் சந்தையே. 1972 பெப்ரவரியில் அதிபர் நிக்சன் கூட்டாட்சி அரசின் நிலங்களில் இத்தகைய விலங்குகளுக்கு நஞ்சிடுவதைத் தடுக்கும் கட்டளை பிறப்பித்தார். 1973 இல் அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துநாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. சிறுத்தை முதலியவற்றின் தோல்கள் சந்தையினின்றும் மறையத் தொடங்கின. நீண்ட மயிருடைய தோல்களை மக்கள் விரும்பும் வழக்கமும் பரவவே, கயோட்டித் தோலின் விலை அப்பத்தாண்டில் வெகுவாக உயர்ந்தது. 1971 இல் றெமிங்டன் கம்பனி வெளியிட்ட 17 தோட்டா இச்சூழலிற் பெரிதும் விரும்பப்பட்டது. அதன் ரவை 25 கிறெயின் நிறையே உடையது. ஓர் இறாத்தல் நிறைக்கு 280 ரவைகள் வேண்டும். வேகமோ செக்கனுக்கு ஏறத்தாழ 4,000 அடி. 2004 இல் வெளிவந்த 204 றூகர் தோட்டாவும் இவ்வகையினதே.

எனினும் இவ்விலேசான ரவைக்கும் குறையுண்டு. வன்காற்று அதனைத் திசைதிருப்பும். தோள் எலும்பில் அது பட்டால் உள்ளே புகாது மேற்பரப்பிலேயே சிதறி அகன்ற புண்ணை உண்டாக்கும். தோலும் கெடும், விலங்கும் உடனே சாகாது வருந்தும். ஆகவே தேர்ந்த வேடன் தோட்டாவை மட்டும் தேர்வதில்லை. முயலின் அவலக்குரலை ஊதுகருவியால் எழுப்பி விலங்கை அண்மைக்கு அழைக்கின்றான். அது பக்கவாட்டில் திரும்பி நிற்குமட்டும் காத்திருந்து, தோளுக்குச் சற்றுப் பின்னே விலாவெலும்புகளிடையே நுரையீரலைக் குறிவைக்கின்றான். காற்று மிக்க திறந்த வெளியில் நெடுந்தூரம் சுடவேண்டின் கனத்த ரவையை எடுத்து, பெருந்துளையை ஏற்றுக்கொள்கின்றான்; அன்றேல் சுடாது விடுகின்றான். தோலின் நலனும் விலங்கின் விரைந்த சாவும் இணங்குமிடம் ஒன்றுண்டு. அவை பிரியுமிடமும் உண்டு. பிரியுமிடத்தில் எதனைக் கைவிடுவது என்பதை எந்தக் கம்பனியும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டுக் கொடுப்பதில்லை.

சந்தை மீண்டும் மாறிவிட்டது. மென்மயிர் ஆடைகளின் புது விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் கலிபோர்ணியாவில் 2019 இல் நிறைவேறி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. கயோட்டி மயிரைத் தலைமூடி விளிம்பில் வைத்துப் புகழ்பெற்ற கனடா கூஸ் கம்பனி, அதனைக் கைவிடுவதாக 2021 இல் அறிவித்தது. கயோட்டியோ அழியவில்லை. நஞ்சு, பொறி, ரவை யாவற்றையும் கடந்து, ஓநாய்கள் ஒழிந்த நிலங்களிற் குடியேறி, அத்திலாந்திக் கரைவரை பரந்துள்ளது. சிக்காகோ போன்ற பெருநகரிலும் வாழ்கின்றது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை நமக்கு முழு ஆறுதல் அளிப்பதன்று. தோலுக்கு விலையிருந்த காலத்தில் நஞ்சும் வந்தது, நுண்ணிய ரவையும் வந்தது. அழிப்பே நோக்கமான காலத்தில் எதுவும் தகும் எனப்பட்டது. விலை ஆயுதத்தைத் திருத்தியதேயன்றி மனிதனைத் திருத்தவில்லை. ஆயினும், காற்றைக் கணித்து, தூரத்தை அளந்து, ஐயம் தோன்றின் விசையினின்றும் விரலை எடுத்துவிடும் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அத்தோலுக்குச் சந்தையில் ஒரு சதமும் கிடையாத நாளிலும் அவன் அவ்வாறே செய்வானாயின், அச்செயல் எந்த விலையினாலும் விளைந்ததன்று. அத்தகையோரின் தொகையை எந்த ஏலக்கணக்கும் பதிந்து வைக்கவில்லை. எனினும் ஒரு நாகரிகத்தை மதிப்பிடப் புகும் வரலாற்று மாணவன் தேடவேண்டியது அத்தொகையையே.