ஐஸ் மேக்கர் (வீட்டு வகை)

ஃபிரிட்ஜின் ஃப்ரீசருக்குள் தானாகவே ஐஸ் கட்டி தயாரிக்கும் அமைப்பு. வால்வு திறந்து தட்டில் நீர் நிரம்பும். நீர் உறைந்ததை வெப்ப உணரி அறிந்ததும் மோட்டார் தட்டை முறுக்கிக் கட்டிகளைக் கூடையில் உதிர்க்கும்; சில வகைகளில் சிறு ஹீட்டர் தட்டை லேசாகச் சூடாக்கிக் கட்டிகளை விடுவிக்கும். கூடை நிறைந்ததும் உணர்கோல் இயக்கத்தை நிறுத்திவிடும்.

தமிழக வீடுகளில் கையால் முறுக்கும் எளிய தட்டுகளும் புழக்கத்தில் உள்ளன. சிறு குடும்பத்துக்கு அவையே போதும்.

ஃப்ரீசர் சுமார் −18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். கடினநீரின் உப்பு வால்வை அடைக்கும். புதிதாக இயக்கும்போது முதலில் விழும் கட்டிகளைக் கொட்டிவிடுங்கள். உறைவதால் எல்லாக் கிருமிகளும் சாவதில்லை. குடிக்கத் தகாத நீரில் ஐஸும் செய்யாதீர்கள்.