தொழில்முனைவோர் முதலீட்டு நிகழ்ச்சிகள்

தொழில்முனைவோர் தம் தொழிலைச் செல்வந்த முதலீட்டாளர்களிடம் விளக்கி, பங்குக்கு ஈடாக மூலதனம் கேட்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி வகை. 2001இல் ஜப்பானில் தோன்றியது. பிரிட்டனில் 'டிராகன்ஸ் டென்' (2005), அமெரிக்காவில் 'ஷார்க் டேங்க்' (2009) எனப் பரவியது. 'ஷார்க் டேங்க் இந்தியா' 2021 டிசம்பரில் சோனி தொலைக்காட்சியில் தொடங்கியது. தமிழில் 'ஸ்டார்ட்அப் சிங்கம்' 2025இல் விஜய் தொலைக்காட்சியில் வந்தது.

பேரத்தின் மையம் மதிப்பீடு. 5 விழுக்காட்டுப் பங்குக்கு 50 லட்சம் ரூபாய் கேட்பவர், தம் நிறுவனத்தின் மதிப்பு 10 கோடி என்கிறார். விற்பனையும் லாபமும் அதைத் தாங்குமா என்பதே அடுத்த கேள்வி. மேடையில் கைகுலுக்கியதோடு பணம் வந்துவிடாது. கணக்குகளைச் சரிபார்த்த பிறகே ஒப்பந்தம் உறுதியாகும். சில ஒப்பந்தங்கள் அப்போது முறிவதும் உண்டு.

பங்குக்கு ஈடாக மூலதனம் கேட்கும் இந்த முறைக்கு மாறாக, சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேறு வழியில் வளர்ந்தன. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, சிவகாசியில் தொடங்கினர். அதற்கு முந்தைய ஆண்டு தூத்துக்குடியில் உருவான நாடார் வங்கியே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. நாடார் சமூகத்தின் ஊர்ச் சங்கங்களான உறவின்முறைகள் வணிகர்களிடம் திரட்டிய மகமை என்னும் பொதுநிதி பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பியது. பட்டாசு ஆலைகளுக்கு இன்றும் வெளியூர் மொத்த வியாபாரிகளின் தீபாவளி முன்பணம் முக்கியமான நடைமுறை மூலதனம். அதற்கு உரிமையாளர் பங்கு எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.