பம்பைமடுவின் விஞ்ஞான பீடமும் நிழற்படமும்

செட்டிகுளத்திலிருந்து மன்னார் வீதி வழியே வவுனியா நோக்கி வருவோர், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தைக் காண்பர். பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்திருப்பது இங்கேதான். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இது.

இத்தகைய புதுக் கட்டடத்தைப் படமெடுத்தல் எளிதென்றே எவர்க்கும் தோன்றும். வன்னியின் நண்பகல் வெயிலிலோ வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசச் செய்யும், சன்னல்கள் கருங்குழிகளாகிவிடும். உச்சியையும் படத்துள் அடக்க விரும்பிக் கமராவை மேல்நோக்கிச் சாய்த்தாலோ, நிமிர்ந்து நிற்கும் சுவர்கள் மேலே ஒன்றையொன்று நெருங்கிச் சரிவதுபோற் காணும். ஆதலால் அனுபவமுடையோர் தொலைவிற் பின்வாங்கி, கருவியை மட்டமாக நிறுத்தி, காலை அல்லது மாலைச் சாய்வெயிலுக்காகக் காத்திருப்பர்.

சுவரை நேராகக் காட்டுவது பாதி வேலையே. 2009இல், பல்கலைக்கழக விடுதிக்கென எழுந்த பம்பைமடுக் கட்டடங்களில், போர்முடிவின் பின் முன்னாட் போராளிகள் தடுத்துவைக்கப்பட்டனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். அதே ஆண்டில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அங்கிருந்த வெண்கூடார வரிசைகளை உலகம் நிழற்படங்கள் வாயிலாகவே அறிந்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. கூடாரங்கள் பெயர்ந்தன, படங்கள் எஞ்சின.

கூடாரத்தைக் கண்டவுடனே அதன் காலம் விளங்கிவிடும். கட்டடமோ அவ்வாறன்று. விரிவுரைக்குச் செல்வோர் ஏறிய படியையும் காவலில் இருந்தோர் ஏறிய படியையும் கமரா ஒன்றாகவே காட்டும். படத்தின் பின்புறத்தில் ஆண்டு எழுதப்பட்டிருந்தாலன்றி வேறுபாடு புலப்படாது.