தேதி என்னும் உரிமை

உள்ளாட்சித் தேர்தல் என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நினைவுகூர்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடத்திலிருந்து ஓலை எடுத்துத் தரும் சிறுவன் எனப் பெருமிதத்தோடு விவரிக்கிறோம். அது வாக்குப்பதிவு அன்று, திருவுளச் சீட்டு என்பதையும், நிலமும் வேதப் பயிற்சியும் உடைய பிராமணர்க்கே அதில் இடமிருந்தது என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதைவிட முக்கியமான ஒன்றும் விடுபட்டுப் போகிறது. வாரியத்தில் அமர்ந்தவர் 360 நாட்கள் நிரம்பியதும் விலகியாக வேண்டும். கணக்குக் காட்டாதவரின் பெயர் மீண்டும் குடத்தில் விழாது. ஆள் யாராயினும், விலகும் நாள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

இங்கிலாந்தின் நகரவைகள் இந்தப் பாடத்தை வெகுகாலம் கழித்தே கற்றன. தம்மைத் தாமே நியமித்துக்கொண்ட பழைய நகரவைகளைக் கலைத்து, 178 நகரங்களில் வரி செலுத்துவோர் வாக்களிக்கும் முறையை 1835ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் பதவி விலக வேண்டும் என்பது அதன் விதி. 2020இல் கொரோனாவால் தேர்தலைத் தள்ளிவைத்தபோதும், ஓராண்டு மட்டுமே என்று நாடாளுமன்றம் சட்டத்திலேயே வரையறுத்தது. 2021 மே மாதம் மக்கள் வாக்களித்தார்கள்.

அந்த மரபின் ஒரு கீற்றை 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, பெரம்பலூரும் உடையார்பாளையமும் வட்டங்களாக இருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டமும் உள்ளாட்சி வாரியங்களின் கீழ் வந்தது. ஆயினும் விடுதலைக்குப் பின்னரும் தேர்தல் நாள் ஆட்சியாளரின் விருப்பத்திலேயே நின்றது. 1970இல் பஞ்சாயத்துத் தேர்தல் கண்ட தமிழகம் அடுத்த தேர்தலை 1986இல்தான் கண்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதை அரசியல் சட்டமே கட்டாயமாக்க 1993 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதன்பின் 1996, 2001, 2006, 2011 எனத் தேர்தல்கள் முறையாக நடந்தன. இதே காலத்தில் அரியலூரின் எல்லை மூன்றுமுறை மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. மாவட்டக் கோடுகள் மாறின. தேர்தல் தேதி மாறவில்லை.

மாறியது 2016இல். இட ஒதுக்கீட்டு அறிவிக்கையில் விதிமீறல் கண்ட உயர் நீதிமன்றம் அக்டோபர் தேர்தலை ரத்து செய்தது. பிழையைத் திருத்தச் சில மாதங்கள் போதும். ஆனால் தனி அலுவலர்களின் காலமே ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கப்பட்டது. புதிய மாவட்டப் பிரிவினையால் ஒன்பது மாவட்டங்கள் விடுபட, மற்ற 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகள் 2019 டிசம்பரில் வாக்களித்தன. பெரம்பலூரின் 121 ஊராட்சிகளும் அரியலூரின் 201 ஊராட்சிகளும் அவற்றில் அடங்கும். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகளோ 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன. அத்தேர்தலில் 21 மாநகராட்சிகளையும் திமுக கூட்டணி வென்றதைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. அதற்குமுன் ஒரு முழுப் பதவிக்காலமே வெறுமையாய்க் கழிந்தது என்பதைப் பற்றி எழுதியவர் குறைவு.

இழப்பு யாருக்கு? பெண்களுக்குப் பாதி இடங்கள் என்ற சட்டம் 2016இல்தான் வந்தது. அவ்வாண்டே பதவியேற்றிருக்க வேண்டிய பெண்களும், தலித் ஊராட்சித் தலைவர்களும் அந்த ஆண்டுகளைத் திரும்பப் பெறப்போவதில்லை. வசதி படைத்தவருக்கு அதிகாரத்தை அணுக வேறு வழிகள் உண்டு; ஒதுக்கீட்டு இடத்தில் நிற்பவருக்குத் தேர்தல் ஒன்றே வழி.

2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அப்போதும் தேர்தல் வரவில்லை; தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தன்னகத்தே கொண்ட அரியலூர் மாவட்டத்தின் ஊராட்சிகளிலும் அதுவே நடந்தது. சோழர் காலக் குடவோலையைப் பற்றி அடுத்தமுறை பெருமை பேசும்போது, அந்த 360 நாள் கணக்கையும் சேர்த்துச் சொல்வோம்.