ஹிமா: காப்பு நிலத்தின் அறம்

பாலக்கரையிலிருந்து சிறிது தொலைவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, திருவரங்கம் மேலூர்க் காப்புக்காட்டில் 2015-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே காக்கப்படுவது பூச்சி மட்டுமன்று. புழு தின்னும் இலை, பூவின் தேன், புழுவை உண்ணும் பறவை யாவும் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை தளரும்.

இயற்கைக்கு எல்லை வகுத்துக் காப்பது 1872-இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் தொடங்கியதென்பர். அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு மண்ணில் 'ஹிமா' என்னும் காப்பு நிலம் இருந்தது. அறியாமைக் காலத்தில் குலத்தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தமக்கென வளைத்துக்கொண்டனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழக்கத்தை ஒழித்து, பொதுத் தேவைக்கே ஹிமா என்றாக்கினார்கள். மதீனாவைச் சூழ்ந்த எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் காவலரிடம், சில ஆடுகளே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், செல்வர்களான உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடாதிருக்குமாறும் பணித்தார்கள். மந்தை மடிந்தால் செல்வருக்குத் தோட்டமும் வயலும் உண்டு, ஏழைக்கு வேறேது?

நம் மாநிலத்தில் காடுகளுக்கு எல்லையிட்ட மதராஸ் வனச் சட்டம் 1882-இல் வந்தது; காடுவாழ் மக்களின் உரிமையை ஏற்ற சட்டமோ 2006-இல்தான் வந்தது. வேலியிடுமுன், அது யாருக்காக என்று கேட்பதே ஹிமா நமக்குக் கற்பிக்கும் பாடம்.